ரயில்வே கேட்டில் என் மகள்

எங்கள் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் போர்டு வைக்காத விசேஷம் என்று ஒன்று கிடையாது. காதுகுத்துக்கு வைப்பார்கள், புது வீட்டில் பால் காய்ச்சினால் வைப்பார்கள், டிராக்டர் வாங்கினால் மாலை போட்ட டிராக்டரோடு நின்று வைப்பார்கள். செத்தால் கண்ணீர் அஞ்சலி, வருஷம் திரும்பினால் நினைவஞ்சலி. கல்லடைப்பு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய ஒருவரை "மீண்டு வந்த சிங்கமே" என்று வரவேற்ற போர்டைத் தல்லாகுளத்தில் நானே நின்று படித்திருக்கிறேன். சிங்கம் லுங்கியில் இருந்தது. இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவள்தான் நான். என் வீட்டுப் பிள்ளை அதில் ஏறுகிற வரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

அணையைத் திறந்துவிட்டதில் வைகையில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. மதுரைக்காரர்களுக்கு இது பெரிய செய்தி. ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, ஆற்றில் தண்ணீர் இருப்பதைப் போட்டோ எடுக்கிற ஜனங்கள் நாங்கள். அந்த வாரம் அண்ணன் போன் பண்ணினான். அவன் எங்கள் பிறந்த ஊரிலேயே இருக்கிறான். வாடிப்பட்டி வரைக்கும் திண்டுக்கல் ரோட்டில் போய்த் தெற்கே திரும்பினால் வருகிற ஆற்றங்கரை டவுன். "தண்ணி கரை தட்டிப் போகுது. பிள்ளையக் கூட்டிட்டு ஞாயித்துக்கிழமை வாங்க. இத விட்டா அடுத்து எப்பவோ" என்றான். அங்கே மதியச் சாப்பாடு, அப்புறம் ஆற்றை ஒட்டியே மேற்கே காரில் போய் அணையைப் பார்ப்பது, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் லீவு என்பதால் ராத்திரி வழியில் எங்காவது தங்குவது என்று நாங்கள் திட்டம் போட்டோம்.

எங்களை விட அதிகம் குதித்தது மகள்தான். எட்டாவது படிக்கிறாள். அவளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவனே அண்ணன்தான். அவன் வெற்றிலை பயிரிடுகிற கொடிக்காலில் ஒரு கிணறு இருக்கிறது. அதில் முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டி இறக்கிவிட்டுப் பழக்கினான். கிணறு பார்த்தாயிற்று, மதுரையில் நீச்சல் குளமும் பார்த்தாயிற்று, ஓடுகிற தண்ணீரில் ஒரு தடவை இறங்க வேண்டும் என்பது அவள் ஆசை. முதல் நாளே பையில் துணியும் துண்டும் எடுத்து வைத்துவிட்டாள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த வருஷக் கோடை லீவில் அவள் வயதுக்கு வந்திருந்தாள். விசேஷம் எதுவும் வேண்டாம், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றாள். அவள் கேட்காவிட்டாலும் நான் செய்திருக்க மாட்டேன். ஆனால் எங்கள் வழக்கத்தில் இந்தச் சேதி முதலில் தாய்மாமனுக்குப் போக வேண்டும். அதையும் அவளிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாமாட்ட மட்டும் சொல்லும்மா. மாமா யாருட்டயும் சொல்ல மாட்டாரு" என்றாள். அண்ணனுக்குப் போன் போட்டு, அவள் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். "சரித்தா, பிள்ளை மனசு போல இருக்கட்டும்" என்றான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் மாதக்கணக்கில் நிம்மதியாக இருந்தேன்.

வாடிப்பட்டியில் திரும்பி, தென்னந்தோப்பும் வாய்க்காலுமாகப் போகிற ரோட்டில் ஊரை நெருங்கும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் மினி பஸ், பின்னால் வைக்கோல் ஏற்றின டிராக்டர், இடுக்கெல்லாம் பைக். கேட்டுக்குச் சற்று முன்னால், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கும்படி சவுக்குக் கம்பு நட்டு ஒரு போர்டு கட்டியிருந்தார்கள். எங்கள் கார் சரியாக அதன் எதிரில் நின்றது.

முதலில் பார்த்தது என் வீட்டுக்காரர். ஏசியைக் கூட்டி வைத்தார். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் அவர் ஏசியைத்தான் கூட்டுவார்.

போர்டில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். அரக்குப் பட்டுச்சேலை, இடுப்பில் ஒட்டியாணம், முழங்கை வரைக்கும் வளையல், ஒரு கையில் தாமரைப்பூ. இது எதையும் அவள் வாழ்நாளில் போட்டதில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் எடுத்த போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, வேறு யாருடைய கழுத்திலோ ஒட்டியிருந்தார்கள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். "தாய்மாமன் தோளில் வளர்ந்த தங்கக்கிளியே" என்று மேலே. "மஞ்சள் நீராட்டு விழா" என்று தூரத்திலிருந்தே தெரிகிற எழுத்தில் நடுவில். ஓரத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக் கும்பிட்டபடி அண்ணன். கீழே வரிசையாக அவனுடைய சேக்காளிகளின் தலைகள், அத்தனையும் மீசை. தேதியைப் பார்த்தேன். அன்றைய தேதி.

சரக்கு ரயில் வந்தது. அதற்கு என்ன அவசரம், கல்யாண வீட்டுக்கா போகிறது? பெட்டி பெட்டியாக ஊர்ந்தது. காரைத் திருப்ப வழியில்லை, கண்ணைத் திருப்பவும் வழியில்லை. பின் சீட்டிலிருந்து அவள் கேட்டாள்.

"அம்மா, அந்த உடம்பு யாரோடது?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்துப் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் போர்டைப் பார்த்தார், காருக்குள் குனிந்து பார்த்தார், மறுபடியும் போர்டைப் பார்த்தார். கண்ணாடியைத் தட்டி, "இந்தப் பிள்ளைதானாத்தா?" என்றார். வாய் நிறையச் சிரிப்பு. கெட்ட எண்ணம் துளிகூட இல்லை, வாழ்த்துத்தான் சொல்ல வந்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. கெட்டவன் என்றால் செருப்பைக் கழற்றலாம். நல்ல மனுஷர் ஒருவர் என் பிள்ளையின் உடம்பைப் பற்றி நடுரோட்டில் விசாரிக்கிறார், அவருக்கு அது தப்பென்றே தெரியவில்லை. அதை ஊரார் விசாரிக்கிற விஷயமாகப் பண்ணி வைத்தவன் என் கூடப் பிறந்தவன்.

ஆற்றுக்கென்று எடுத்து வைத்த துண்டைப் பையிலிருந்து உருவி மகள் தலையோடு போர்த்திக்கொண்டாள்.

"திரும்பிரலாமா?" என்றார் வீட்டுக்காரர்.

"எதுக்குத் திரும்பணும்? அவளா போர்டு வச்சா? வண்டிய எடுங்க" என்றேன்.

கேட் திறந்தது. கடைவீதியில் இன்னொரு போர்டு. ஆற்றுப் பாலத்தின் தலைமாட்டில், மற்ற இரண்டையும் விடப் பெரிதாக ஒன்று. பாலத்துக்குக் கீழே செம்மண் நிறத்தில் ஆறு நுரைத்துக்கொண்டு போயிற்று. படித்துறையில் பாதிப் படி முங்கியிருந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் நெடுகிலும் ஜனம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த ஆற்றைப் பார்க்கத்தான் அவள் வந்தாள். பாலத்தைக் கடந்து முடிக்கிற வரைக்கும் அவள் துண்டை விலக்கவே இல்லை.

அக்கரையில் அண்ணன் வீட்டு வாசலை அடைத்துப் பந்தல். ஸ்பீக்கர் அலறியது. வாசலில் பச்சைத் தென்னங்கீற்றில் குச்சு கட்டியிருந்தான். வயதுக்கு வந்த பிள்ளையை உட்கார வைக்கத் தாய்மாமன் தன் கையால் கட்டுகிற சின்னக் குடிசை அது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதற்கு வெல்வெட் உறை. தாம்பாளங்களில் பழம், பலகாரம், மஞ்சள், வளையல், மடிப்புக் கலையாத அரக்குப் பட்டு. போர்டில் இருந்த அதே நிறம். பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறான்.

பட்டு வேட்டியில் ஓடி வந்தான். "வாங்க மாப்ள! வாத்தா! எங்க பிள்ளை? மதினிக்காரி தண்ணி ஊத்த ரெடியா இருக்கா."

நான் அவன் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். காரிலிருந்து இறங்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். வீட்டுக்காரர் அவளோடு இருந்தார்.

"என்னண்ணே பண்ணி வச்சிருக்க?"

"சீர் செய்யிறேன். உனக்கு ஒத்தப் பைசா செலவில்ல. எல்லாம் ஏம் பொறுப்பு."

"செலவயா கேட்டேன்? அவ வேணாம்னு சொன்னாள்ல? சரின்னு சொன்னேல்ல?"

"அவளா சொன்னா? நீ சொல்ல வச்ச. படிச்சவுக வீட்ல எல்லாம் செய்யிறதில்லன்னு உனக்கு ஒரு நெனப்பு. அதான் உன்னையக் கேக்காம செஞ்சேன். தாய்மாமனுக்கு இல்லாத உரிமையா?"

"உரிமை இருக்கட்டும். அவகிட்டக் கேட்டியா?"

"சின்னப் பிள்ளைகிட்ட என்னத்தக் கேக்குறது?"

"சின்னப் பிள்ளைன்னா, பெரியவளாயிட்டான்னு எதுக்கு ஊரு பூராம் போர்டு வச்ச?"

நான் விடவில்லை. இவ்வளவு நாள் ஊரார் பெண்களின் போர்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனதற்கும் சேர்த்து வந்தது. எந்த வீட்டிலாவது பையனுக்குக் குரல் உடைந்தது என்று போர்டு வைக்கிறீர்களா, மீசை முளைத்தது என்று பந்தல் போடுகிறீர்களா, பொம்பளைப் பிள்ளைக்கு ரத்தம் வந்தால் மட்டும் மைக் செட் எதற்கு என்று கேட்டேன். கொட்டகை மாடு வாயில் வைக்கோலோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. பந்தலில் பாட்டு நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. நான் பேசியது பூராவும் பந்தலுக்குக் கேட்டிருக்கிறது.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான். "அந்தப் பாலத்துல இதுவரைக்கும் யாரு போர்டு வச்சிருக்காக? பெரிய வீட்டாளுகதான். நம்ம அப்பா அவுக கொடிக்கால் வெத்தலையத் தலையில கட்டாத் தூக்கிக்கிட்டு அந்தப் பாலத்துல நடந்தாரு. இன்னைக்கு எனக்குன்னு கொடிக்கால் இருக்கு. அதே பாலத்துல நம்ம வீட்டு மொகம் ஒன்னு இருக்கட்டும்னு நெனச்சேன். இது தப்பா?"

அப்பாவின் உச்சந்தலையில் முடி தேய்ந்து போன அந்த வட்டம் எனக்கும் தெரியும். அவன் சொன்னதில் பொய்யே இல்லை. ஆனால் கோபம் அதனால் குறையவில்லை, கூடியது. எங்களை மட்டம் தட்டினவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு எட்டாவது படிக்கிற பிள்ளையின் முகமா கிடைத்தது?

"தப்பில்ல. ஒம் மொகத்தப் பெரிசா வையி. அப்பா மொகத்த வையி, நானே வந்து மாலை போடுறேன். அவ மொகம் அவளோடது. நீ எடுத்துக் கொடுக்க அது ஒண்ணும் உங் கொடிக்கா வெத்தல இல்ல" என்றேன்.

அப்போதுதான் மகள் அங்கே நிற்பதைப் பார்த்தேன். காரில் உட்கார்ந்திருக்க முடியாமல் பின்பக்கமாக வந்திருக்கிறாள். துண்டு தோளில் கிடந்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மாமா, அம்மா ஒண்ணும் சொல்ல வைக்கல. யாருக்கும் வேணாம், உங்களுக்கு மட்டும் சொல்லும்மான்னு சொன்னது நான்தான்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அண்ணன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பட்டு வேட்டியை மடித்துக் கட்டினான். கொட்டகைச் சுவரில் செருகியிருந்த வெற்றிலைக் காம்பு நறுக்குகிற கத்தியை உருவிக்கொண்டு வெளியே நடந்தான். எனக்கு ஒரு நிமிஷம் உயிரே இல்லை. மொபெட் கிளம்புகிற சத்தம் கேட்டது. பாலத்தின் பக்கம் போயிற்று.

ஆற்றுக்காவது போகலாம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பந்தலுக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா எழுந்து, "என்னத்தா இது, கூடி வந்த விசேசம். தலைக்குத் தண்ணி ஊத்தாமப் பிள்ளைய ஆத்துப் பக்கம் விடலாமா?" என்று ஆரம்பித்தார்.

"மாசக்கணக்காத் தினமும் சோப்புப் போட்டுக் குளிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. இன்னும் என்ன ஊத்தணும்?" என்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தது மதினி, அண்ணன் பெண்டாட்டி. அதுவரைக்கும் மஞ்சள் தண்ணீர்க் குடத்துப் பக்கத்தில் வாயே திறக்காமல் நின்றவள், குடத்தைத் தூக்கி வாழை மரத்து மூட்டில் கவிழ்த்தாள். "எனக்குச் செஞ்சப்ப நான் அழுதேன். வெக்கப்படுறா பாருன்னு சொல்லி அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. இவருகிட்ட அதச் சொன்னேன், கேக்கல" என்றாள் என்னிடம். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, "சாப்பாடு ஆறுது. ஆத்துல தண்ணி வந்ததுக்கு விருந்துன்னு நெனச்சுக்கிட்டு எல்லாரும் பந்தியில உக்காருங்க" என்றாள். கறிச்சோற்று வாசம் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் ஜனம் நியாயத்தை நாளைக்குப் பேசும், கறிச்சோற்றை நாளைக்கு வைக்காது. உட்கார்ந்தார்கள்.

மதினி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படித்துறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். இழுப்பு அதிகம் என்பதால் கரையிலிருந்த ஆலமர வேரில் கயிறு கட்டி அவள் இடுப்பில் சுற்றித்தான் இறங்கவிட்டோம். முங்கினாள். எழுந்தாள். மறுபடி முங்கினாள். அவள் நீந்தியது கொஞ்ச நேரம்தான், அதுவும் படியை ஒட்டியே. பாலத்து ஜனத்தில் சிலர் அவளைக் காட்டிப் பேசுவது தெரிந்தது. மதினி படியில் நின்று மேலே பார்த்து, "அங்க என்னய்யா பாக்குறீக? ஆத்தப் பாருங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள். அந்தக் குரல் அவளிடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

நாங்கள் கரையேறும்போது அண்ணன் படித்துறையில் நின்றான். வேட்டியெல்லாம் அழுக்கு. கையில் ஃப்ளெக்ஸ் சுருள்கள், சின்னதாக. "கம்பியில முறுக்கிக் கட்டிருக்காய்ங்க. எல்லாத்தயும் அவுக்கக் கைக்கு வரல. மொகத்த மட்டும் அறுத்து எடுத்துட்டேன்" என்றான். சுருள்களை மகளிடம் நீட்டினான். "இந்தாத்தா. ஒன்னோடது. நீயே வச்சுக்க."

அவள் வாங்கிக்கொண்டாள். அவனிடம் பேசவில்லை. வழக்கமாகக் கிளம்பும்போது அவன் மொபெட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வருவாள், அன்றைக்கு அதையும் கேட்கவில்லை. அவனும் கூப்பிடவில்லை. நான் அவனை அன்றைக்கு மன்னித்தேன் என்று எழுதினால் அது பொய். போன் பண்ணினால் இப்போது பேசுகிறேன், அவ்வளவுதான். அவள் பேசுவதும் பேசாததும் அவள் இஷ்டம்.

அணைக்குப் போகிற திட்டம் அன்றோடு போயிற்று. பொழுது சாய வந்த வழியே திரும்பினோம். பாலத்தில், கடைவீதியில், இரண்டு போர்டிலும் முகம் இருந்த இடம் ஓட்டை. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் அந்த முதல் போர்டு. அரக்குப் பட்டு, ஒட்டியாணம், வளையல், தாமரைப்பூ எல்லாம் அப்படியே நின்றன. கழுத்துக்கு மேலே வெறும் வானம். ஓரத்தில் அண்ணன் மட்டும் இன்னமும் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. "இனிமே யாருன்னு யாருக்கும் தெரியாது, விடு" என்றேன்.

மகள் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஈரத்தலை. மடியில் அவளுடைய முகங்கள் சுருட்டிக் கிடந்தன.

"அந்த அக்காட்ட யாராச்சும் கேட்டாங்களாம்மா?" என்றாள்.

"எந்த அக்கா?"

"அந்த உடம்பு."

காலையில் அவள் கேட்டபோது பதில் சொல்லாமல் விட்டது அப்போதுதான் உறைத்தது. எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்குச் சேலை கட்டி, நகை மாட்டி, கையில் தாமரை கொடுத்து நிற்க வைத்திருக்கிறார்கள். அப்புறம் அவள் தலையைச் சீவி எறிந்துவிட்டு, ஊர் ஊராக யார் யார் தலையையோ ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் பிள்ளையின் முகத்தை மீட்டுவிட்டோம் என்று நான் பாட்டுக்கு நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

"வண்டிய ஓரங்கட்டுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் ஏசியைக் கூட்டவில்லை. இறங்கி, டிக்கியைத் திறந்து கட்டிங் பிளேயரை எடுத்து வந்தார். அவர் கம்பியை வெட்ட வெட்ட நானும் மகளும் இழுத்தோம். சவுக்குக் கம்பு சாய்ந்து ரோட்டில் பாதியை அடைத்தது. கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. பைக்கில் வந்த ஒருவன் காலை ஊன்றி நின்று கேட்டான்.

"யாரு போர்டுக்கா அது? யாரு அந்தப் பிள்ளை?"

"தெரியல தம்பி. ஆனா எங்க பிள்ளைதான். வந்து ஒரு கை பிடி" என்றேன்.